எழுபத்து மூன்றின் ஜாதகம்

திண்டுக்கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு யாரும் வரவேற்பு வளைவு வைக்கவில்லை. கட்சி தொடங்கிய நடிகர் ஒருவர், முதல் தேர்தலிலேயே ஆளுங்கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ள முடியும் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் ஊர்தான். அன்றிலிருந்து மார்க்கெட் இறங்கிய நடிகர்கள் பலரும் எங்கள் ஊர் முடிவை ஜாதகம் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

ஜாதகம் இதுதான். 1973 மே 20, திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தல். அதிமுகவுக்கு வயது ஏழு மாதம். அதன் வேட்பாளர் மாயத்தேவருக்கு 2,60,824 ஓட்டு. ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தனுக்கு 1,19,032. கோட்டையில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்த திமுக அதற்கும் கீழே.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அரசியல் தெரியாது, இலை தெரியும். உதயசூரியனை வரைய வேண்டுமென்றால் இரண்டு மலை போட்டு, நடுவில் பாதி வட்டம் போட்டு, கதிர்களை ஒழுங்காகப் பிரிக்க வேண்டும். இரட்டை இலையைக் கரித்துண்டால் ஒரே இழுப்பில் முடித்துவிடலாம். எங்கள் தெருச் சுவர்களில் இருந்த இலைகளில் பாதி, எந்தக் கட்சியும் கேட்காமல் நாங்கள் பையன்கள் வரைந்தவை. கட்சிக்காரர்கள் பின்னால் வந்து அதற்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சின்னத்தைப் பட்டியலிலிருந்து பொறுக்கி எடுத்தவர் வக்கீலான மாயத்தேவரே என்று ஊரில் சொல்வார்கள். பொறுக்கியவர் யாராக இருந்தாலும் கரித்துண்டு பிடித்த பையன்களின் கையை அறிந்தவர்.

எம்.ஜி.ஆர். பேசிய கூட்டங்களில் பாதி வார்த்தை புரியாது. 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்ததிலிருந்து குரல் அப்படித்தான். மைக்கும் அந்தக் காலத்து மைக். புரிந்த வார்த்தைக்குக் கை தட்டினார்கள், புரியாத வார்த்தைக்குப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு நடிகனுக்குக் குரல் போனால் தொழில் போனது என்று அர்த்தம். இவருக்கு மட்டும் அது கூடுதல் தகுதியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் பெரியப்பா. நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டே சொன்னார்: “நீ இன்னைக்குத்தாண்டா கூட்டம் பாக்குற. நான் பாகவதருக்குக் கூடுன கூட்டத்தையும் பாத்தேன், கூடாத கூட்டத்தையும் பாத்தேன்.”

பெரியப்பா காதோரம் முடி வளர்த்துப் பின்னால் சீவிய, பாகவதர் கிராப்புக்காரர். பின்னால் முடி கொட்டியபோதும் மிச்சமிருந்ததை அதே திசையில்தான் சீவினார். 1944 தீபாவளிக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பதை வீட்டு விசேஷம் போலச் சொல்வார். அடுத்ததையும் அதே குரலில் சொல்வார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, சிறை, 1947 ஏப்ரலில் விடுதலை. வெளியே வந்ததும் சொந்தமாக எடுத்த ‘ராஜமுக்தி’ 1948இல் வந்து படுத்துக்கொண்டது. 1952இல் ‘அமரகவி’, ‘சியாமளா’. 1957இல் தானே இயக்கி நடித்த படம், பெயர் ‘புது வாழ்வு’. பெரியப்பா அதை இரண்டு முறை பார்த்தாராம். “ஒரு தடவை பாகவதருக்காக. இன்னொரு தடவை காலியாக் கெடந்த பெஞ்சுக்காக.” 1959 நவம்பர் 1ஆம் தேதி பாகவதர் போய்ச் சேர்ந்தார். கடைசிப் படமான ‘சிவகாமி’ அதற்குப் பிறகுதான் வந்தது.

சிறை அவரைக் கெடுத்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. அதே வழக்கில் அதே சிறைக்குப் போன என்.எஸ். கிருஷ்ணன் 1949இல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யோடு வந்து நின்றார். ஊர் ஏற்றுக்கொண்டது. பாகவதர் உள்ளே இருந்த காலத்தில் தமிழ் சினிமா பாட்டிலிருந்து வசனத்துக்கு நகரத் தொடங்கியிருந்தது. கிருஷ்ணன் போகும் பஸ்ஸைப் பார்த்து ஏறிக்கொண்டார். பாகவதரோ, தான் இறங்கிய நிறுத்தத்திலேயே பழைய பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். ‘அமரகவி’ வந்த 1952ஆம் வருஷத் தீபாவளிக்குத்தான் ‘பராசக்தி’யும் வந்தது என்று சொன்னால் மிச்சம் விளங்கிவிடும்.

‘ராஜமுக்தி’யைப் பற்றி இன்னொரு தகவல். அந்தப் படத்தில் வி.என். ஜானகி இருந்தார். துணை வேடத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு நடிகரும் இருந்தார். எம்.ஜி. ராமச்சந்திரன். தென்னாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் திரும்பி வருவதையும், அந்த வரவு எடுபடாமல் போனதையும் அவர் முன்வரிசை இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டாரா என்று அவர் எங்கும் சொல்லி நான் படித்ததில்லை. 1973இல் அவர் நடந்துகொண்ட விதம் கற்றுக்கொண்டவர் நடந்துகொண்டது போலத்தான் இருக்கிறது.

ஜாதகத்தை மடித்து வைத்துக்கொண்டவர்கள் கிரகங்களை எல்லாம் பார்த்தார்கள்: நடிகர், ரசிகர் மன்றம், தெரு, ஓட்டு. பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. இடைத்தேர்தலுக்குச் சரியாக ஒன்பது நாள் முன்னால், 1973 மே 11ஆம் தேதி, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று திமுகவின் மதுரை முத்து சபதம் போட்டதாக ஒரு கதை உண்டு. (பின்னாளில் மதுரை முத்துவே எம்.ஜி.ஆர். கட்சிக்கு வந்துவிட்டார் என்பது கதையின் மறுபாதி.) ஐம்பத்தாறு வயது வாலிபனைப் பார்க்க டிக்கெட் கிடைக்காமல் அடிதடி நடந்த மாதத்தில்தான் எங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். எம்.ஜி.ஆர். சினிமா முடிந்து அரசியலுக்கு வரவில்லை. கடை நிறைய வியாபாரம் நடக்கும்போதே பக்கத்துக் கடையையும் பிடித்தார். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர், இந்தக் கடையில் ஈ ஓட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தவர்கள்.

சிவாஜியைப் பற்றி இந்த இடத்தில் கேலியாக எழுதக் கை வரவில்லை. காங்கிரஸிலிருந்து விலகி, 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று ஒரு கட்சி. 1989 தேர்தலில் திருவையாறில் நின்று தோற்றார். உலகத்தில் எந்த நடிகனுக்கும் சளைக்காத ஒருவரை, சொந்தத் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பெரியம்மா சிவாஜி கட்சி. அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. ‘உன் ஓட்டு யாருக்கு?’ என்று அதற்கு முன்னால் கேட்டிருந்தால் எந்தத் தேர்தலிலும் சிவாஜி சொன்ன சின்னத்துக்கு அவர் போட்டதில்லை என்பது தெரிந்திருக்கும். அவருக்குச் சிவாஜி அழுதால் அழுகை வரும். அதற்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து 1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. கதாநாயகன் நாற்காலியைக் கமலுக்கு விட்டுக்கொடுத்து, பெரியவராகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார் சிவாஜி. எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ராமராஜனுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை போல. சொல்லியும் கேட்கவில்லையோ என்னவோ. 1989இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது வேடசந்தூர், நத்தம், வடமதுரை என்று சுற்றுக் கிராமத்துச் சனமெல்லாம் டிராக்டர் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு வந்தது. பக்கத்து மதுரையில் அந்தப் படம் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. அந்தச் சூட்டில் அரசியலுக்கு வந்து 1998இல் திருச்செந்தூரில் ஜெயித்து எம்.பி.யும் ஆனார். அதன் பிறகு மவுனம். 2012இல் ‘மேதை’, 2024 மே மாதத்தில் ‘சாமானியன்’. நடித்தால் நாயகன்தான் என்பதில் உறுதியாக இருந்தவர். ‘சாமானியன்’ பார்க்க நானும் போனேன். தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் ‘கரகாட்டக்காரன்’ பார்த்தவர்கள். பின்னே, அந்த வயதுக்காரர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இடைவேளையில் முட்டிவலிக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று பேசிக்கொண்டோம். அதற்கு முந்தின மாதம்தான் விஜய் நடித்த இருபது வருஷத்துப் பழைய ‘கில்லி’யை மறுபடி வெளியிட்டு, பள்ளிக்கூடப் பையன்கள் நாற்காலி மேல் ஏறி ஆடியிருந்தார்கள். பழைய படத்துக்கு இளசுகள் கூட்டம், புதுப் படத்துக்குப் பழைய ஆட்கள் கூட்டம்.

வடிவேலு கதையும் கிட்டத்தட்ட அதுதான். 2011 தேர்தலில் வேனில் ஏறி விஜயகாந்தைத் திட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் எதிர்ப்பக்கம் போட்டார்கள். 2022 டிசம்பரில் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ என்று தலைப்பிலேயே திரும்பி வந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து ‘மாமன்னன்’ படத்தில் சிரிக்கவே சிரிக்காமல் ஒரு தகப்பனாக உட்கார்ந்தார். சிவாஜி உட்கார்ந்த அதே நாற்காலி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் தொகுதிக்கே நேராக வந்தவரைப் பார்ப்போம்.

1991 தமிழ்ப் புத்தாண்டுக்கு ‘கேப்டன் பிரபாகரன்’ வந்தது. ஆர்.கே. செல்வமணி இயக்கம், விஜயகாந்துக்கு நூறாவது படம். காட்டுக்குள் நிஜ வீரப்பன் நடமாடிக்கொண்டிருந்த காலம். திரையில் வீரபத்ரனாக மன்சூர் அலிகான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, கூச்சல் போடக் கடைசி வாய்ப்பு. அந்தத் தொண்டை, அந்தக் கண், அந்த நடை. விஜயகாந்துக்கு அடித்த விசிலில் கொஞ்சம் இவருக்கும் பிய்த்துக் கொடுத்தோம். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது எல்லோரும் வில்லனைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஹீரோவைப் போலப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

மன்சூர் அலிகான் 1999இலேயே பக்கத்துப் பெரியகுளம் தொகுதியில் புதிய தமிழகம் சார்பில் நின்று மூன்றாம் இடம் பிடித்தவர். அதாவது புதிதாக ஆசை வந்தவர் அல்ல. 2019இல் திண்டுக்கல் தொகுதிக்கு நாம் தமிழர் கட்சி வேட்பாளர், கரும்பு விவசாயி சின்னம். சினிமாவில் பட வரத்து மெலிந்து, வில்லன்களுக்கே மவுசு குறைந்து, வடக்கிலிருந்து ஆள் இறக்கிக்கொண்டிருந்த காலம்.

பிரசாரம் என்றால் அது பிரசாரம். கடை கடையாக ஏறி, அங்கே நடக்கிற வேலையை வாங்கித் தானே செய்தார். பரோட்டாக் கல்லில் கை வைத்தார். காய்கறிக் கடையில் உட்கார்ந்தார். வீடியோக்கள் செல்போன்களில் பறந்தன. கண் உருட்டிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய வீரபத்ரனா இது என்று சிரித்துக்கொண்டே பார்த்தோம். மணிக்கூண்டுப் பக்கம் எனக்குப் பழக்கமான பரோட்டா மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வீடியோவைக் காட்டி, “என்ன மாஸ்டர், ஓட்டு இவருக்குத்தானா?” என்றேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கை நல்லா வீசுதுண்ணே. இப்படி ஆளு கெடச்சா டெல்லிக்கு அனுப்புவேனா? கடையிலயே வச்சுக்குவேன்.”

தேர்தல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை மாஸ்டர் ஒரு சுற்று மாவு வீசும் நேரத்தில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். வேலைக்காரன் செய்யும் வேலையை வேட்பாளர் செய்தால் சனம் பார்க்கும், போட்டோ எடுக்கும். ஆனால் பரோட்டா போட அவனுக்கே தெரியும். அவனுக்குத் தெரியாததை, முடியாததை, தாலுகா ஆபீஸில் நடக்காததை நடத்திக் கொடுக்கத்தான் ஆள் தேடுகிறான். எம்.ஜி.ஆர். 1973இல் இங்கே வந்து பூட்டுக்கு அரம் போடவில்லை. வேனில் நின்று கையை ஆட்டினார், அவ்வளவுதான். அவர் எங்களைப் போல இருப்பதாக யாரும் நம்பவில்லை. எங்களைப் போல இல்லாததால்தான் நம்பினார்கள்.

2019 மே மாதம் எண்ணினார்கள். திமுகவின் வேலுச்சாமி 5,38,972 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருஷம் தமிழ்நாட்டிலேயே பெரிய வித்தியாசம் இதுதான். மன்சூர் அலிகானுக்கு 54,957 ஓட்டு, நான்காம் இடம், டெபாசிட் போனது. இந்த எண்ணிக்கையை நான் கேவலமாக நினைக்கவில்லை. அரை லட்சம் பேர் வெயிலில் நின்று போட்டிருக்கிறார்கள். அதில் எத்தனை கரும்பு விவசாயிக்கு, எத்தனை வீரபத்ரனுக்கு என்று மட்டும் அப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை.

அதே தேர்தலில் இன்னொரு கூத்து நடந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரட்டை இலை முதன்முதலாக ஜெயித்த தொகுதி இது. 2019இல் கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி பாமகவுக்குப் போய்விட்டதால் நாடாளுமன்ற ஓட்டுப் பெட்டியில் இலையைக் காணோம், மாம்பழம்தான் இருந்தது. எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி சாவடிக்குள் நின்று ‘எல எங்கய்யா?’ என்று அதிகாரியிடம் சண்டை பிடித்ததாகச் சொன்னார்கள்.

அந்த இலையை ஜெயிக்க வைத்த மாயத்தேவர் என்ன ஆனார்? 1977இலும் அதே சின்னத்தில் ஜெயித்தார். அப்புறம் திமுகவுக்குப் போய் 1980இல் உதயசூரியனில் நின்று, இரட்டை இலையைத் தோற்கடித்து மறுபடி எம்.பி. ஆனார். தான் நட்ட செடியைத் தானே வெட்டிய மனிதர். அதோடு நாடாளுமன்ற வாழ்க்கை முடிந்தது. மறுபிரவேசம், புது அவதாரம் எதுவும் கிடையாது. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டியில் இருந்தார். 2022 ஆகஸ்டில் காலமானார். இளவட்டங்களில் பல பேருக்கு அவர் அதுவரை உயிரோடு இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது.

1973இல் இரண்டாம் இடத்தில் தோற்ற சித்தனை நினைவிருக்கிறதா? அதே தொகுதியில் 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக நின்று எம்.பி. ஆனார். இருபத்து மூன்று வருஷம் கழித்து. 2004இலும் 2009இலும் காங்கிரஸில் நின்று மறுபடி ஜெயித்தார். அவர் பரோட்டா போட்டு நான் பார்த்ததில்லை. பாட்டுப் பாடியதில்லை, சட்டை மாற்றியதில்லை, அவருக்காக யாரும் விசிலடித்ததில்லை. எங்கள் தொகுதியில் உருப்படியாகத் திரும்பி வந்த ஒரே ஆள் யாருடைய சுவரிலும் படமாக ஒட்டப்படாதவர்.

பூட்டும் திரும்பி வந்தது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க மாங்காய்ப் பூட்டு தேடி அலைந்தார்கள். அலிகார் பூட்டு விலையில் அடித்து, பிள்ளைகள் நூற்பாலை வேலைக்குப் போய், பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்ட பிறகு வந்த மரியாதை. பெரியப்பா வேலை பார்த்த பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

2024இல் மன்சூர் அலிகான் நாம் தமிழரில் இல்லை. சொந்தக் கட்சி கண்டு, வேலூரில் சுயேச்சைச் சின்னமான பலாப்பழத்தோடு நின்றார். டெபாசிட் அங்கேயும் போனது. 2025 ஆகஸ்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ மறுவெளியீடாக வந்தது. விஜயகாந்த் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீரபத்ரன் திரையில் வந்து நின்றதும் பழைய விசில் அப்படியே விழுந்தது. சந்தை இருக்கும்போதே கட்சி அறிவித்த விஜய்யை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். அவர் ஜாதகத்தில் பிறந்த தேதியையும் பார்த்துவிட்டு வந்தவர். அவர் கணக்கு வேறு.

இங்கே சொல்ல வேண்டிய பாக்கி ஒன்றுதான். 2024இல் திண்டுக்கல்லில் நாம் தமிழர் கட்சி சினிமா முகம் இல்லாத ஒரு வேட்பாளரை நிறுத்தியது. கரும்பு விவசாயி சின்னமும் கைவிட்டுப் போய், புதிதாக மைக் சின்னம். 2019இல் வாங்கியதைவிட ஓட்டு கூடுதலாக வாங்கியது.